ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதே சம்பளம்

எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். அந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேருக்கு ஆஞ்சியோ செய்தேன், எத்தனை ஸ்டென்ட் வைத்தேன் என்பதற்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே கிடையாது. கும்பகோணத்தில் இருக்கும் என் மாமாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஏம்ப்பா, அமெரிக்காவுல ஹார்ட் டாக்டர்னா ஒரு கேஸுக்கு இவ்வளவுன்னு வராதா?" என்று கேட்டார். வெளியில் வரும் மாமா, நான் வேலை பார்க்கும் இடத்தில் வராது என்றேன். "அப்ப நம்ம ஜி.எச். மாதிரின்னு சொல்லு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஏறக்குறைய அதுதான். நான் தஞ்சாவூரில் மருத்துவம் படித்தவன். ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியும் முன்பே துண்டை விரித்துக் காத்திருந்தவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நான் இப்போது வேலை பார்க்கும் வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் அந்நியமாகப் படவில்லை. நாற்காலிக்கு மெத்தை உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே வந்து சேர்ந்ததில் லட்சியம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு மருத்துவர்களில் பலர் ஜே-1 விசாவில் இருப்பார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால், அரசு ஏதாவது ஒரு வழியில் 'இவர் இங்கே தேவை' என்று சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் வரத் தயங்கும் ஓர் ஊரில், மிட்வெஸ்ட் மாநிலம் ஒன்றில், முன்னாள் படைவீரர் நலத்துறை அப்படிச் சொன்னது. மூன்று வருட ஒப்பந்தம். அது முடிந்த மறுநாளே வெளியே போய் இரண்டு மடங்கு சம்பாதிக்கலாம் என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வழக்கமான கணக்கு. நான் தங்கிவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் சொல்லத் தெரியாது. நோயாளிக்கும் எனக்கும் நடுவில் பில் இல்லை, அது ஒன்றுதான். பில் இல்லாதது ஒருவரை நல்லவராக்கிவிடாது. சோம்பேறியாகவும் ஆக்கலாம், ஆக்கியிருப்பதைப் பார்த்துமிருக்கிறேன். ஆனால் 'இது உங்களுக்கு வேண்டாம்' என்று ஒருவரிடம் சொல்லும்போது என் பையிலிருந்து எதுவும் குறைவதில்லை. அடைப்பைக் கண்டால் கை ஊறும் தொழில் எங்களுடையது. அந்த ஊறலுக்குக் காசும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை.

வி.ஏ. ராணுவ மருத்துவமனை அல்ல. பணியில் இருக்கும் சிப்பாய்க்கு வேறு துறை, வேறு ஆஸ்பத்திரி. சீருடையைக் கழற்றியவர்கள் வருகிற இடம் இது. நாடு முழுக்க சுமார் 170 மருத்துவமனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளி மையங்கள், பதிவு செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 90 லட்சம் பேர். எல்லோருக்கும் எல்லாமும் இலவசம் என்று எண்ண வேண்டாம். எட்டு முன்னுரிமைப் பிரிவுகள் உண்டு. படைப்பணியில் உடம்பு கெட்டவர் முதலில், வருமானம் அதிகம் உள்ளவர் கடைசியில். பெரும்பாலும் தனியார் காப்பீட்டில் ஓடும் அமெரிக்காவில் கட்டடம், மருத்துவர், மருந்தகம் என்று முழுவதையும் அரசே நடத்தும் இப்படி ஓர் ஏற்பாடு இருப்பது அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

மருத்துவமனைகள் பெரும்பாலும் ஒரு மருத்துவக் கல்லூரியை ஒட்டியே இருக்கும். அதற்கு ஒரு படைத்தலைவர் காரணம். நார்மண்டியில் படை நடத்திய ஜெனரல் ஒமார் பிராட்லியை 1945-இல் அதிபர் ட்ரூமன் இந்தத் துறைக்குத் தலைவராக்கினார். போர் முடிந்து லட்சக்கணக்கில் சிப்பாய்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பார்க்க டாக்டர்கள் இல்லை. 1946 ஜனவரியில் ஒரு கொள்கைக் குறிப்பு வந்தது: கல்லூரிகளோடு கைகோத்துக்கொள், பேராசிரியர்களும் பயிற்சி மருத்துவர்களும் இங்கே வரட்டும் என்று. அன்றிலிருந்து அமெரிக்காவில் பயிற்சி பெறுகிறவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது ஒரு வி.ஏ. வார்டைக் கடந்தே போகிறார்கள். கிழவர்கள் பொறுமையாகக் கையை நீட்டுவார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டாம் முறை குத்தும் ரெசிடெண்ட் பிள்ளையிடம், "பரவாயில்லை, இதைவிட மோசமாகச் சுடத் தெரிந்தவர்கள் என்னைச் சுட்டிருக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னது எங்கள் வார்டில் இன்னமும் சொல்லிச் சிரிக்கும் கதை.

என் நோயாளிகளைத் தொப்பியை வைத்தே அடையாளம் காணலாம். கப்பலின் பெயர், படைப்பிரிவின் எண், போன போர் எல்லாம் தொப்பியில் எழுதியிருக்கும். நான் சேர்ந்தபோது இரண்டாம் உலகப் போர்த் தொப்பிகள் இன்னும் இருந்தன. பிறகு கொரியா, பிறகு வியட்நாம். இப்போது ஈராக்கும் ஆப்கானிஸ்தானும். பெண்கள் தொகையும் கூடிக்கொண்டே வருகிறது. கணவரைக் கூட்டிவந்தவர் என்று நினைத்து வரவேற்பாளர் பேசிவிட்டால் அன்றைக்கு அவர் தொலைந்தார். வண்டி ஓட்ட முடியாதவர்களைத் தொலைதூரக் கிராமங்களிலிருந்து ஏற்றிவர, ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் சங்கத்தின் வேன் வரும். ஓட்டுநரும் தொண்டர்தான். காலை எட்டு மணி அப்பாயின்ட்மென்ட் உள்ளவரும் பிற்பகல் இரண்டு மணிக்காரரும் ஒரே வேனில் வந்து ஒரே வேனில் திரும்புவார்கள். கிளினிக் தாமதமானால் எனக்கு வரும் முதல் தொலைபேசி நோயாளியிடமிருந்து அல்ல, வேன் ஓட்டுநரிடமிருந்து.

சில பழக்கங்களை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. வார்டில் பார்த்துத்தான் வரும். ஆஞ்சியோ முடிந்து மயக்கத்தில் இருப்பவரை எழுப்பும்போது தோளைத் தொடக்கூடாது. கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தொட்டு எழுப்பினால் சிலர் கண் திறக்கும் முன்பே கையை வீசிவிடுவார்கள். பரிசோதனை அறையில் கதவைப் பார்க்கும் நாற்காலியை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். சுதந்திர தினமான ஜூலை 4 வாரத்தில் படபடப்பு என்று போன் வந்தால், ஈ.சி.ஜி. எடுக்கத்தான் வேண்டும், வாண வேடிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். போரின் நினைவு நெஞ்சைப் படபடக்க வைப்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் இதே படபடப்பையும் மூச்சுத்திணறலையும் பார்த்து ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை 1871-இல் வெளியானது. இதயத்தில் கோளாறு எதுவும் அகப்படவில்லை. அதன் வேர் மனதிலும் இருக்கிறது என்று ஏற்று மனநல மருத்துவம் அதற்கு இன்று வழங்கும் பெயரை வைக்க 1980 ஆகிவிட்டது.

கொரியப் போர் இன்னொன்றைக் காட்டியது. அங்கே இறந்துபோன 300 சிப்பாய்களின் இதயத்தை ராணுவ நோய்க்கூறியல் மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 22. அவர்களில் 77.3 சதவீதம் பேருக்கு இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் கண்ணுக்கே தெரிந்தது. லேசான தடிப்பையும் சேர்த்த கணக்குத்தான். ஆனாலும் மாரடைப்பு கிழவர்களின் நோய் என்று நம்பிக்கொண்டிருந்த மருத்துவ உலகத்துக்கு 1953-இல் அது பேரிடி. அந்தப் பையன்களோடு ஒரே குழியில் படுத்திருந்து உயிரோடு திரும்பியவர்கள்தான் நாற்பது ஐம்பது வருடம் கழித்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அரசாங்கமே சிகரெட் வைத்துக் கொடுத்த காலம் அது. 1975 வரைக்கும் கொடுத்தது. "எனக்குப் புகைக்கத் தெரியாது டாக்டர், ராணுவம்தான் கற்றுக்கொடுத்தது" என்று சொல்லாத வியட்நாம்காரர் அபூர்வம். ஆனால் படையில் பழகிய புகையால் வந்த நோய்க்கு இழப்பீடு கேட்க முடியாது. 1998-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் கதவை அடைத்துவிட்டது. கொடுத்த கை யாருடையது என்பதை அந்தச் சட்டம் பேசவில்லை.

இந்த ஆட்களுக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது. இதை அடிக்கடி என்னிடம் இதய மருத்துவம் பயிலும் ஃபெல்லோக்களிடம் சொல்லுவேன். இன்று கும்பகோணத்தில் என் மாமா காலையில் போட்டுக்கொள்ளும் பி.பி. மாத்திரைக்குப் பின்னால் வி.ஏ. நோயாளிகள் இருக்கிறார்கள். 1960-களில் உயர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதால் நன்மையா தீமையா என்றே பெரிய மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. வயதாகி இறுகிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள அந்த அழுத்தம் தேவைதான், கை வைக்காதே என்று சொல்லும் ஒரு கட்சியே இருந்தது. 1945-இல் மூளையில் ரத்தம் கசிந்து ரூஸ்வெல்ட் இறந்த அன்று அவருடைய அழுத்தம் 300/190. நாட்டின் அதிபருக்கே கொடுக்க உருப்படியான மருந்து கையில் இல்லை.

வாஷிங்டன் வி.ஏ. மருத்துவமனையில் இருந்த எட்வர்ட் ஃப்ரைஸ் இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். பல வி.ஏ. மருத்துவமனைகள் சேர்ந்தன. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அதற்கு முன் ஓர் ஏற்பாடு செய்தார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒழுங்காக மாத்திரை போடுகிறவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். கேட்டால் எல்லோரும் போடுகிறேன் என்றுதான் சொல்வார்கள். அதனால் முதல் சில வாரம் ரிபோஃப்ளேவின் வைட்டமின் கலந்த மாத்திரையைக் கொடுத்து, சிறுநீரைப் புற ஊதா ஒளியில் பிடித்துப் பார்த்தார்கள். மாத்திரை போட்டவருடைய சிறுநீர் ஒளிரும். போடாதவர் வீட்டுக்குப் போகலாம்.

மருந்தில் மூன்று சரக்கு இருந்தது. அதில் ஒன்று ரெசர்பின், நம் ஊர் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்தது. அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேற்குலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. கீழ் அழுத்தம் 115-க்கு மேல் இருந்த 143 ஆண்களை வைத்து நடந்த முதல் கட்டத்தின் முடிவு 1967-இல் வந்தது. வெறும் மாத்திரை போட்ட 70 பேரில் 27 பேருக்குப் பெரிய ஆபத்துகள். நான்கு பேர் இறந்தார்கள். மருந்து போட்ட 73 பேரில் இரண்டு பேருக்கு மட்டும் ஆபத்து, சாவு இல்லை. நடுவிலேயே நிறுத்த வேண்டிவந்தது. 1970-இல் அழுத்தம் அவ்வளவு மோசமில்லாத 380 பேரிடமும் பலன் தெரிந்தது. வாதம் அத்தோடு முடிந்தது. மறு வருடம் ஃப்ரைஸுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்பது அந்த ஆய்வின் குறை. அந்தக் குறை வி.ஏ.யின் பல ஆய்வுகளை விடாமல் தொடர்ந்தது. பெண்களின் இதயம் பற்றி நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டதில் இதற்கும் பங்குண்டு.

உடம்புக்குள் வைக்கும் பேஸ்மேக்கரின் கதையிலும் ஒரு வி.ஏ. உண்டு. பஃபலோ வி.ஏ.யில்தான் வில்சன் கிரேட்பாட்ச் என்ற பொறியாளரும் அறுவை மருத்துவர் வில்லியம் சார்டக்கும் 1958-இல் ஒரு நாய்க்கு அதைப் பொருத்திப் பார்த்தார்கள், 1960-இல் மனிதருக்கு. நெஞ்சுவலி முற்றிவரும் நேரத்தில் ஆஸ்பிரின் கொடுத்தால் மாரடைப்பும் சாவும் பாதியாகும் என்று 1983-இல் காட்டியதும் வி.ஏ. நோயாளிகளிடம்தான்.

ஆனால் என் தொழிலை நேரடியாக உலுக்கியது 2007-இல் வந்த 'கரேஜ்' ஆய்வு. வி.ஏ.யின் கூட்டாய்வுத் திட்டம் முன்னின்று நடத்தியது. கனடாவின் மருத்துவமனைகளும் வெளி மருத்துவமனைகளும் சேர்ந்தன. மொத்தம் 2,287 பேர். நடந்தால் நெஞ்சு வலிக்கும், நின்றால் போய்விடும். அந்த மாதிரி நிலையாக இருக்கும் அடைப்புக்காரர்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்டும் மருந்தும், மீதிப் பேருக்கு மருந்து மட்டும். சராசரியாக நாலரை வருடம் கழித்துப் பார்த்தால் சாவிலும் மாரடைப்பிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி கொஞ்சம் சீக்கிரம் குறைந்தது, அவ்வளவுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறப்பது உயிரைக் காப்பாற்றும். அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது, நள்ளிரவில் எழுந்து ஓடுகிறவனும் நான்தான். கரேஜ் கேட்டது மற்ற அடைப்புகளைப் பற்றி. அந்த முடிவு வந்த வாரத்தில் வெளியில் வேலை பார்க்கும் நண்பர்கள் காட்டிய கோபம் எனக்கு மறக்கவில்லை. 'நல்ல நோயாளிகளை விட்டுவிட்டார்கள்', 'பழைய ஸ்டென்ட்' என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சில காரணங்களில் நியாயமும் இருந்தது. ஆனால் ஒரு ஸ்டென்டுக்கும் தனிக் காசு வாங்காதவர்களின் ஏற்பாட்டிலிருந்துதான் அந்தக் கேள்வி கிளம்பியது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பில் இல்லை என்றேன். அதற்காகப் பணம் அறைக்குள்ளேயே வராது என்று அர்த்தமில்லை. மறுபக்கக் கதவு வழியாக வரும்.

ட்ரெட்மில் அறைக்குப் போவோம். ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆக்ஸிஜனை ஒரு 'மெட்' என்கிறோம்: கிலோவுக்கு, நிமிடத்துக்கு 3.5 மில்லி. புரூஸ் முறைப்படி ட்ரெட்மில்லில் முதல் மூன்று நிமிடத்தை முடித்தால் சுமார் ஐந்து மெட். ஆறு நிமிடம் என்றால் ஏழு. ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தால் பத்து. பாலோ ஆல்டோ வி.ஏ.யைச் சேர்ந்த ஜானதன் மையர்ஸும் கூட்டாளிகளும் 6,213 ஆண்களைப் பின்தொடர்ந்து 2002-இல் எழுதினார்கள்: ஒரு மெட் கூடினால் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடுகிறது. கொழுப்பு, பி.பி., சர்க்கரை எதையும்விட, எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்பதுதான் ஆயுளை நன்றாகச் சொல்கிறது. நோயாளிகளிடம் சளைக்காமல் சொல்வேன்: நடங்கள், ஏறுங்கள், ஒரு மெட்டாவது கூட்டுங்கள்.

இதே மெட்தான் இழப்பீட்டுச் சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. படைப்பணியால் வந்த இதய நோய்க்கு எத்தனை சதவீதப் பாதிப்பு என்று முடிவுசெய்யும் அட்டவணையில், ஏழைத் தாண்டிப் பத்து மெட்டுக்குள் மூச்சு வாங்கினால் பத்து சதவீதம். ஐந்தைத் தாண்டி ஏழுக்குள் என்றால் முப்பது. மூன்றைத் தாண்டி ஐந்துக்குள் என்றால் அறுபது. மூன்று மெட்டிலேயே நின்றுவிட்டால் நூறு. 2024-இல் பத்து சதவீதத்துக்கு மாதம் 171 டாலர். நூறு சதவீதத்துக்கு 3,700 டாலருக்கு மேல். ஒரே பட்டையில் ஓடும் மனிதருக்கு மருத்துவம் ஒரு பக்கமும் சட்டம் இன்னொரு பக்கமும் ஆசை காட்டுகிறது.

நல்லவேளையாக, அந்த மதிப்பீட்டைச் செய்பவர் வேறு. சிகிச்சை தருகிறவனே நீதிபதியாகவும் உட்காரக்கூடாது. ஆனால் அவர் படிப்பது என் அறிக்கையைத்தான். அது நோயாளிக்கும் தெரியும். நாலாவது நிமிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. இதய வேகம் கூடவேயில்லை என்று ஈ.சி.ஜி. சொல்லும். அதை உள்ளபடி எழுதிவிடுவேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கும் அளவுக்கு இந்த ரகம் அதிகம் இல்லை. எனக்குப் பயம் மற்ற ரகத்தைப் பார்த்துத்தான். எழுபத்தாறு வயது மரைன் ஒருவர், ஈ.சி.ஜி. கோடு கீழே சரிந்துகொண்டிருக்க, முகம் சாம்பல் பூத்துப்போக, "வலி இல்லை, நிறுத்தாதே" என்று நர்ஸை அதட்டிக்கொண்டே ஏறினார். பட்டனை அழுத்தி நிறுத்தினேன். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எனக்கு முன்னால் ஓடியவர் எத்தனை நிமிடம்?"

இழப்பீட்டில் இன்னொரு முடிச்சு ஏஜென்ட் ஆரஞ்ச். வியட்நாமில் காடுகளை மொட்டையாக்க அமெரிக்கா தெளித்த களைக்கொல்லி, டயாக்ஸின் கலந்தது. அங்கே கால் வைத்த சிப்பாய் யாராக இருந்தாலும் அது அவர்மேல் பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், நிரூபிக்க வேண்டியதில்லை. 2010-இல் இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயை அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். 2022-இல் வந்த பேக்ட் சட்டம் உயர் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. அந்தக் களைக்கொல்லி அங்கேயே வாழ்ந்த வியட்நாமியர்களின் இதயத்தை என்ன செய்தது என்று என்னிடம் ஒரு நோயாளிதான் கேட்டார்; டா நாங்கில் பீப்பாய் உருட்டியவர். அவர்களுக்கு இப்படி ஒரு படிவம் கிடையாது.

2010-க்குப் பிறகு என் குறிப்பில் ஒற்றைச் சொல்லுக்கு விலை ஏறியது. அடைப்பினால் பலவீனமான இதயமென்றால் பட்டியலில் உண்டு. குழாய்கள் சுத்தமாக இருந்தும் தசை மட்டும் தளர்ந்துபோன இதயமென்றால் இல்லை. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குவது ஒரே மாதிரிதான். ஒருநாள் ஒருவர் மனைவியோடு வந்தார். எக்கோவில் இதயம் தளர்ந்திருப்பது தெரிந்தது, நெஞ்சுவலி கிடையாது, மருந்தில் நன்றாகத் தேறியும் வந்தார். "ஆஞ்சியோ செய்துவிடுங்கள் டாக்டர்" என்றார். எதற்கு என்றேன். மனைவி பதில் சொன்னார்: "அடைப்பு இருந்தால் நல்லது என்று சங்கத்து ஆள் சொன்னார்." அடைப்பு இருந்தால் நல்லது என்று ஒரு மனைவி சொல்லிக் கேட்பது எந்த மருத்துவக் கல்லூரிப் பாடத்திலும் வராது. சிறுநீரகம் பாதி வேலை செய்துகொண்டிருந்த மனிதர். குழாய்க்குள் கம்பி விட்டால் அதனாலும் ஆபத்து, சாயத்தாலும் ஆபத்து. வேண்டாம் என்றேன். பழைய நுரையீரல் சி.டி. ஸ்கேனை எடுத்துப் பார்த்தோம். இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருப்பது அதிலேயே வெள்ளையாகத் தெரிந்தது. இருப்பதை இருக்கிறபடி எழுதினேன். அவருடைய தளர்ச்சிக்கு அதுதான் காரணமா என்று கேட்டால், பெரிய பங்கு இருக்காது என்பது என் கருத்து. அதையும் சேர்த்தே எழுதினேன். மதிப்பீட்டாளர் எதை எடுத்துக்கொண்டாரோ!

கணினியைப் பற்றிச் சொல்லாவிட்டால் வி.ஏ.க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1970-களிலிருந்து வி.ஏ.யின் சொந்த மருத்துவர்களும் நிரலாளர்களும், தலைமையகத்துக்குப் பாதி தெரியாமலேயே, எழுதி வளர்த்த 'விஸ்டா' என்ற மென்பொருளில்தான் நான் தொழில் கற்றேன். பார்க்க அழகு கிடையாது. ஆனால் டெக்ஸஸில் எடுத்த எக்கோவை இங்கே இருந்து திறக்கலாம். 1998-இல் வந்த நெஞ்சுவலியை இப்போதும் படிக்கலாம். மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையையும் மாத்திரையையும் பார்கோடு பிடிக்கும் முறை இங்கேதான் பிறந்தது. டோபீகா வி.ஏ.யின் நர்ஸ் சூ கினிக், 1992-இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஒருவர் கருவியால் காரின் கோடுகளைப் பிடித்துக் கணக்கு முடித்ததைப் பார்த்து, இதை வார்டில் செய்தால் என்ன என்று கேட்டாராம். விஸ்டாவுக்குப் பதில் விலைக்கு வாங்கிய புதிய மென்பொருளை 2020 முதல் சில ஊர்களில் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. வேண்டிக்கொள்கிறேன்.

அரசாங்கம் என்றால் தாமதமும் உண்டு. ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்கு ஒரு கருவி கேட்டால் குழு, குழுவுக்கு மேல் குழு. ஆள் வேலையைவிட்டுப் போனால் அடுத்த ஆள் வருவதற்குள் கிளினிக் வரிசை நீண்டுவிடும். வரிசையை மறைக்கப்போய் 2014-இல் நாடே நாறியது; ஃபீனிக்ஸில் காத்திருப்பவர்களின் உண்மைப் பட்டியல் ஒன்று, மேலிடத்துக்குக் காட்டும் பட்டியல் இன்னொன்று என்பது வெளியே வந்து, துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அந்த வாரங்களில் எந்தத் தொப்பிக்காரரின் கண்ணையும் நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதன் பின் சட்டங்கள் வந்தன. இப்போது நிபுணரைப் பார்க்க 28 நாளுக்கு மேல் ஆகும் என்றாலோ, சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் வர வேண்டும் என்றாலோ, அரசு செலவில் வெளி மருத்துவமனைக்குப் போகலாம். காத்திருப்பவருக்கு அது நியாயம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் வெளியே போனவர் அங்கே ஒரு கேஸ். அவர் கொண்டுவரும் ஆஞ்சியோ படக் குறுந்தகட்டை வாராந்தரக் கூட்டத்தில் போட்டுப் பார்ப்போம். எதற்கு வைத்தார்கள் என்றே விளங்காத ஸ்டென்டுகள் அதில் சில. நாங்கள் வைத்திருந்தாலும் வைத்திருப்போம் என்பவை பல.

போன அக்டோபரில் ஒருவர் குறுந்தகட்டோடு வந்தார், ஸ்டென்ட் இல்லாமல். முன்பு கடற்படையில் இயந்திர அறையில் இருந்தவர், பிறகு சோளம் பயிரிட்டவர். வெளி மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து, வலது குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் என்றிருக்கிறார்கள். மேஜையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "எங்கள் டாக்டர் வேண்டாம் என்பார், அவரைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்" என்றார் பெருமையாக. படத்தைப் பார்த்தேன். உயிருக்கு ஆபத்தான இடத்தில் இல்லை. கரேஜ் கதையைச் சொல்லி, மருந்தைக் கூட்டி, ஒரு மாதம் கழித்து வரச்சொன்னேன்.

அதற்கு முன்பே வந்தார். மெட்டோபுரோலால், அம்லோடிபின், நைட்ரேட் எல்லாம் போட்டும் களஞ்சியத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. தலைவலி வேறு. நவம்பரில் மான் வேட்டை. மரத்தில் கட்டிய பரணில் ஏறியாக வேண்டும், பேரனுக்கு முதல் வருடம். "நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்" என்றார்.

கரேஜை வேதமாக்கிக்கொள்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மருந்து மட்டும் என்று ஆரம்பித்தவர்களிலும் மூன்றில் ஒருவர் பிறகு ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டார்கள். மருந்தில் அடங்காத வலிக்கு ஸ்டென்ட் நல்ல வைத்தியம். அது ஆயுளைக் கூட்டாது, பரணில் ஏற விடும். இரண்டையும் பிரித்து அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆயுளைப் பற்றி நான் கேட்கவேயில்லையே டாக்டர்" என்றார்.

மணிக்கட்டு வழியாக எங்கள் லேபிலேயே வைத்தோம். அரைமணி வேலை. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் ரத்தம் உறையாமலிருக்கப் பிரசுகிரெல் வேண்டாம், குளோபிடோகிரெல் போதும், ஒரு நாளும் விடக்கூடாது, பல் டாக்டர் சொன்னாலும் என்னைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று ஃபெல்லோ பெண் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேள்வி ஏதும் உண்டா என்றோம். ஒன்று இருந்தது. வெளி மருத்துவமனைக்குப் போய், ஸ்டென்ட் வைக்காமல் திரும்பிய நாளுக்கும் சேர்த்து மைலுக்கு 41.5 சென்ட் பயணப்படி உண்டா, உண்டென்றால் எந்த ஜன்னலில் கேட்க வேண்டும்? ஜன்னல் இப்போது கிடையாது, எல்லாம் ஆன்லைன் என்றாள் ஃபெல்லோ. அவர் என்னைப் பார்த்தார். கீழே தன்னார்வலர் மேஜையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், விமானப்படைத் தொப்பி, அவர் போட்டுத் தருவார் என்றேன்.